தந்தையை அளவுகோலாக்கும் திறனாய்வு: கங்கைகொண்ட சோழபுரமும் ஒப்பீட்டின் தகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரக் கோயிலைத் தஞ்சைப் பெரிய கோயிலோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது கலை வரலாற்று எழுத்திலும் பொதுவழக்கிலும் நிலைத்துவிட்ட முறையாகும். இவ்வொப்பீடு எவ்விடத்தில் கோயிலை விளக்குகிறது, எவ்விடத்தில் அதனை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய உவமவியலும் தண்டியலங்காரத்தின் வேற்றுமையணியும் இதற்கு அளவைகளாகக் கொள்ளப்படுகின்றன. முதலாம் இராசேந்திரன் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுக்கொண்ட முறைக்கும், பிற்காலத்தார் அவனைத் தந்தையோடு ஒப்பிடும் முறைக்கும் உள்ள இடைவெளி சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒப்பீடு, உவமவியல், கிழக்கிடு பொருள், வேற்றுமையணி, இராசேந்திரன், கங்கைகொண்ட சோழபுரம், மெய்க்கீர்த்தி

முன்னுரை

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எழுதத் தொடங்கும் எந்த நூலும் இரண்டாவது பத்திக்குள் தஞ்சாவூருக்குப் போய்விடுகிறது. கோயிலின் உயரம் சொல்லப்படும்போதே தஞ்சையினும் குறைவு என்பதும் சொல்லப்படுகிறது. விமானத்தின் வளைவு சொல்லப்படும்போது தஞ்சை விமானத்தின் நேர்கோடு உடன் வருகிறது. உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இவ்வரிசையே அமைந்தது. தஞ்சைக் கோயில் 1987ஆம் ஆண்டிலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004ஆம் ஆண்டில் அதன் விரிவாகவும் சேர்க்கப்பட்டன. கட்டிய மன்னனுக்கும் இதே நிலைதான். அகிலனுக்கு 1963ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்த வரலாற்றுப் புதினம் இராசேந்திரனைத் தலைவனாகக் கொண்டது. அதன் பெயரோ வேங்கையின் மைந்தன். தலைவனைப் போற்றும் தலைப்பே அவனை மகனாக நிறுத்தித்தான் போற்றுகிறது.

ஒப்பீடு இல்லாமல் திறனாய்வு இல்லை. ஆகவே ஒப்பிடலாமா என்பது இங்கு வினா அன்று. எதை எதனோடு, எந்த அடிப்படையில், என்ன பயன் கருதி ஒப்பிடுவது என்பதே வினா. மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டுக்கொள்வதில் நலந்தரும் முறையும் நலங்கெடுக்கும் முறையும் உண்டென்பது அறவியல் அறிந்த செய்தி. வள்ளுவர் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். படைப்புகளை ஒப்பிடும் திறனாய்வாளரிடமும் அவ்விரு முறைகளும் உண்டு என்பதற்குக் கங்கைகொண்ட சோழபுரம் தக்க சான்று.

உவமவியல் தரும் அளவை

தொல்காப்பியர் ஒப்பீட்டை அணி என்ற அளவில் நிறுத்தாமல் ஓர் இயலாகவே விரித்தவர். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் வழியாக உவமம் தோன்றும் என்கிறார். இப்பகுப்பு இன்றைய திறனாய்வாளருக்கு முதல் எச்சரிக்கை. இரு பொருள்களை அருகருகே நிறுத்துமுன் அவை செயலால் ஒப்பிடப்படுகின்றனவா, பயனாலா, வடிவாலா, நிறத்தாலா என்று தெளிந்துகொள்ள வேண்டும். உயரத்தைக் கொண்டு ஒப்பிட்டுப் பயனைப் பற்றி முடிவு சொல்வது உவமவியல் ஏற்காத தாவல்.

உவமமும் பொருளும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும் என்பதும், உவமம் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பதும் அவ்வியல் தரும் பிற விதிகள். உயர்ந்ததோடு ஒப்பிடுவது பொருளை உயர்த்துதற்பொருட்டே. தாமரையோடு முகத்தை ஒப்பிடும் புலவன் முகம் தாமரையினும் எத்துணைக் குறைந்தது என்று கணக்கிடுவதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிய எழுத்துகளிலோ உயர்ந்த உவமம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன் பயன் மட்டும் தலைகீழாகிறது.

சிறப்பு, நலன், காதல், வலி ஆகிய நான்கும் உவமத்தின் நிலைக்களங்கள். இவற்றோடு கிழக்கிடு பொருளையும் சேர்த்து ஐந்தென எண்ணுவதும் உண்டென அவ்வியல் கூறுகிறது. கிழக்கிடுதல் என்பது கீழ்ப்படுத்துதல். இழிவு தோன்ற ஒப்பிடும் முறையையும் இலக்கணம் அறிந்திருக்கிறது. ஆனால் அதனை நான்கோடு கலந்துவைக்காமல் பின்னர்த் தனியே சேர்த்துக் கூறும் முறைவைப்பு கவனிக்கத்தக்கது. ஒப்பீட்டின் இயல்பான நிலம் மதிப்பும் அன்புமே. தாழ்த்துதல் அதன் ஓரத்தில் நிற்பது.

தண்டியலங்காரம் பேசும் வேற்றுமையணி இவ்வாராய்ச்சிக்கு இன்னும் நெருக்கமானது. ஒப்புமையுடைய இரு பொருள்களை முதலில் ஒப்புமை தோன்ற நிறுத்திப் பின் வேறுபடுத்துவது அவ்வணி. அவ்வேறுபாடு ஒன்றனை உயர்த்தி முடிய வேண்டும் என்பதில்லை. இரண்டனையும் சமனாக நிறுத்தியே வேறுபடுத்தலாம். இந்தச் சமன் என்னும் வாய்ப்பைத்தான் கோயில்களைப் பற்றிய எழுத்து பெரிதும் இழந்திருக்கிறது.

மன்னன் தன்னை ஒப்பிட்டுக்கொண்ட முறை

இராசேந்திரன் தன்னை யாரோடு, எப்படி ஒப்பிட்டுக்கொண்டான்? அவன் காலத்து ஆவணங்கள் இருவேறு விடைகளைத் தருகின்றன.

கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளை நிலையான வாசகமாகப் பொறிக்கும் மெய்க்கீர்த்தி முறையை ஒழுங்குபடுத்தியவன் இராசராசன். மகன் அம்முறையை அப்படியே ஏற்றுக்கொண்டான். ஆனால் அவன் மெய்க்கீர்த்தியில் தந்தையின் பெயரைச் சொல்லி அவனினும் யான் மிக்கேன் என்று கூறும் பகுதி ஏதுமில்லை. இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை என நாடுகளும் நகரங்களும் அடுக்கப்படுகின்றன. ஈழத்தில் பாண்டியன் முன்னர் அடைக்கலமாக வைத்துச் சென்ற முடியும் ஆரமும் கைப்பற்றப்பட்ட செய்தி அவ்வடுக்கில் முதன்மையான இடம் பெறுகிறது. அம்முடியைப் பெற முதலாம் பராந்தகன் முயன்றும் இயலவில்லை என்பது ஈழ வரலாற்றால் அறியப்படும். தந்தை ஈழத்தில் படை செலுத்திய பின்னும் அது சோழர் கைக்கு வந்திலது. முன்னோர் தொடங்கி முடிக்காத வினையை முடித்ததாகச் சொல்வதும் ஓர் ஒப்பீடே. ஆயினும் அது வினையை மட்டுமே ஒப்பிடுகிறது. முன்னோரின் பெயரை இழுத்து அவர்களைச் சிறுமைப்படுத்தவில்லை. பட்டியலைக் கேட்டவன் ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி வேறு குரலில் பேசுகிறது. தவத்தின் வலிமையால் கங்கையை மண்ணுக்குக் கொணர்ந்த பகீரதனை எள்ளி நகைப்பவன்போல, இராசேந்திரன் தன் தோள்வலியால் அந்நீரைக் கொணர்ந்து தன் நாட்டைத் தூய்மையாக்கப் புறப்பட்டான் என்பது அதன் கூற்று. பகீரதன் சோழர் தம் குலமுதல்வராகக் கொண்ட சூரிய குலத்தவன். குலமுன்னோன் ஒருவனைக் கீழிட்டுத் தலைவனை உயர்த்துவது இவ்விடத்தில் நிகழ்கிறது. உவமவியலின் சொல்லில் கூறினால் இது கிழக்கிடு பொருள். அவைப்புலவனின் மிகை என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் அரசனின் ஆணையோடு வெளிவந்த சாசனத்தில் அது இடம்பெற்றது என்பதையும் மறத்தலாகாது. அதே செப்பேடு சோழகங்கம் என்னும் ஏரியை நீராலான வெற்றித்தூணாகக் குறிப்பிடுகிறது. இன்று பொன்னேரி எனப்படுவது அதுவே. வெற்றித்தூணைக் கல்லில் நாட்டுவது மரபாக இருக்க, நீரில் நாட்டியது புதுமை. இவ்விடத்தில் ஒப்பீடு எவரையும் கீழிடாமல் தன் வேறுபாட்டை மட்டும் காட்டுகிறது. எள்ளல் வந்த இடத்தைவிட ஏரி வந்த இடத்தில்தான் புலமை மிகுந்து காணப்படுகிறது.

தந்தையின் வெற்றி, மகனின் வெற்றி என்று பிரித்து எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இராசேந்திரன் 1012ஆம் ஆண்டில் இணையரசனாக ஆக்கப்பட்டான். அதற்கு முன்பே இளவரசனாக மேலைச் சாளுக்கிய நாட்டுப் போர்களை முன்னின்று நடத்தியவன். தந்தையின் கணக்கில் எழுதப்படும் வெற்றிகளில் ஒரு பகுதி மகனின் கைவினை. இருவரையும் எதிரெதிர்த் தட்டில் வைத்து நிறுக்கும் தராசு இதனை எண்ணுவதில்லை.

உயரம் பற்றிய விளக்கம்

தந்தையின் கோயிலினும் உயர்ந்ததாகக் கட்டும் ஆற்றல் இருந்தும், தந்தைமீது கொண்ட மதிப்பால் இராசேந்திரன் விமானத்தைத் தாழ்த்திக் கட்டினான் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வழிகாட்டிகளும் பாடநூல் சார்ந்த கட்டுரைகளும் இதனை ஐயமின்றிக் கூறிவருகின்றன. கேட்பதற்கு இனிய கதை. ஆனால் இதற்குக் கல்வெட்டுச் சான்றோ செப்பேட்டுச் சான்றோ இல்லை. தஞ்சைக் கோயிலில் இராசராசனே தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்தவற்றைக் கல்லில் வெட்டச்செய்தான். அக்கோயிலின் நோக்கமும் நிருவாகமும் அவன் வாய்மொழியாகவே கிடைக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் அத்தகைய பேறு இல்லை. கட்டிய மன்னனின் தொடக்கக் கல்வெட்டு அங்குக் காணப்படவில்லை. வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு முந்தைய கொடைகளை நினைவுகூர்கிறது. இராசேந்திரன் அக்கோயிலைக் கட்டியதை எசாலம் செப்பேடு உறுதிசெய்கிறது. உள்ளத்தில் என்ன எண்ணினான் என்பதை எந்த ஆவணமும் கூறவில்லை.

சான்றில்லாத இடத்தில் கட்டடத்தையே நோக்க வேண்டும். இரு விமானங்களின் அடித்தளங்களும் பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கொண்ட சதுரங்கள். தஞ்சை விமானம் 60 மீட்டரை ஒட்டியோ கடந்தோ உயர்வதாகவும், கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் 53 முதல் 55 மீட்டர் வரை உயர்வதாகவும் நூல்கள் கூறும். அளவீடுகளிலும் நிலைகளை எண்ணும் முறையிலும் ஆசிரியர்க்கு ஆசிரியர் வேறுபாடு உண்டு. உயரத்தை வைத்துத் தீர்ப்புக் கூறுவோர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுவர். தஞ்சையில் விளிம்புகள் நேர்கோடாகக் குறுகி மேலே செல்கின்றன. இங்கோ மூலைகள் உள்வாங்கி, விளிம்பு உட்குழிந்து வளைந்து எழுகிறது. ஒரே அளவான அடியிலிருந்து உட்குழிந்து எழும் கோடு விரைவில் குறுகும். உயரம் சற்றுக் குறைவது அவ்வடிவத்தின் விளைவாகவே இருக்கலாம். அப்படியாயின் தாழ்வு என்று கருதப்பட்டது ஒரு வடிவத்தைத் தேர்ந்ததன் மறுபக்கமே. பணிவு என்ற ஒழுக்கக் கதையைவிடச் சிற்பாசிரியரின் கை என்ற விளக்கம் கட்டடத்துக்கு நெருக்கமாக நிற்கிறது.

பணிவுக் கதையின் அடியில் ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது. மகன் மிஞ்சினால் தந்தைக்கு இழுக்கு என்பதே அது. தமிழ் அறநூல் மரபு அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தையின் கடமை என்கிறது குறளின் மக்கட்பேறு அதிகாரம். மக்களின் அறிவுடைமை பெற்றோரினும் உலகத்து உயிர்களுக்கு இனிது என்று பரிமேலழகர் பொருள்கொள்ளும் குறளுக்கு, மக்கள் தம்மினும் மிக்க அறிவுடையராதல் எனப் பொருள்கொள்வாரும் உளர். எப்படிக் கொண்டாலும் தந்தை தாழ்ந்துபோவதாகக் கூறும் குரல் அங்கில்லை. மேலும், தந்தையின் கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற நிலையில், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவன் தலைநகரை விட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே தன் வெற்றியின் பெயரால் புதிய தலைநகரை எழுப்பிய ஒருவனுக்கு, விமானத்தின் சில மீட்டர்களில் மட்டும் பணிவு வந்தது என்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. இதற்கு மறுதலையாக, தந்தைமீது பொறாமையால் நகர் மாறினான் என்பதும் அதே அளவுக்குச் சான்றற்றது. பணிவும் பொறாமையும் ஒரே நாணயத்தின் இரு முகங்கள். இரண்டுமே மகனைத் தந்தையின் அளவுகோலில் கட்டிவைக்கின்றன.

பெண்மை என்னும் அடைமொழி

தஞ்சை விமானம் ஆண்மையின் மிடுக்குடையது, கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் பெண்மையின் நளினமுடையது என்பது கலை வரலாற்று நூல்களிலிருந்து சுற்றுலாக் கையேடுகள்வரை வழங்கும் மற்றொரு ஒப்பீடு. இது புகழுரை போலவே ஒலிக்கும். உரு என்னும் அடிப்படையில் தொடங்கிய ஒப்பீடு, வலி என்னும் நிலைக்களத்துக்குச் சொல்லாமலே நகர்ந்துவிடுகிறது என்பதே இதன் குற்றம். வளைந்த கோடு மென்மை, மென்மை பெண்மை, பெண்மை வலிமையின் குறை என்று ஒவ்வொரு படியாக இறங்கி, முடிவில் கடல் கடந்து 1025ஆம் ஆண்டில் கடாரம் வரை படை செலுத்தியவனின் கோயில் வலிமை குறைந்ததாக வாசிக்கப்படுகிறது. (பெண்மையை வலிமையின் குறையாகக் கொள்வது தனியே ஆராயத்தக்க குற்றம்.)

வடக்கு வாயிலின் இரு மருங்கும் உள்ள சிற்பங்களை நோக்குவோர் இவ்வடைமொழியை மறந்துவிடுவர். ஒருபுறம் கலைமகள். மறுபுறம் சண்டேசருக்கு இறைவன் தன் கையால் தலையில் மாலை சூட்டும் காட்சி. சூட்டப்படுபவர் குனிந்த தலையோடு கைகுவித்து அமர்ந்திருக்கிறார். வெற்றி பெற்ற மன்னன் தன்னையே அவ்வுருவில் உணர்த்தினான் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அது ஏற்கப்படினும் படாவிடினும் ஒன்று நோக்கத்தக்கது: சண்டேசர் புராணத்தில் தந்தையோடு முரண்பட்டவர், தந்தையின் காலையே வெட்டியவர், அதன்பின் இறைவனாலேயே மகனாக ஏற்கப்பட்டவர். இராசேந்திரனைத் தந்தையின் மகனாகவே காணப் பழகிய கண்கள் இச்சிற்பத்தின் முன் சற்று நின்றே ஆகவேண்டும். சிற்பம் எதனையும் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் பணிவுக் கதை கூறுமளவுக்கு உறவு எளியதன்று என்பதை நினைவூட்டுகிறது.

1836

இரு கோயில்களையும் இன்று காணும் நிலையில் ஒப்பிடுவோர் ஓர் ஆண்டினை மறந்துவிடுகின்றனர். கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்ட 1836ஆம் ஆண்டில் கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. கோபுரமும் சிதைந்தது. ஊர்மக்கள் தடுக்க முயன்றும் பயனில்லை என்ற பதிவும் உண்டு. தஞ்சைக் கோயிலுக்கோ பாண்டியர், நாயக்கர், மராத்தியர் எனப் பின்வந்த ஒவ்வொருவரும் ஏதேனும் சேர்த்தனர். ஒன்று நூற்றாண்டுதோறும் வளர்ந்தது. மற்றொன்று அணைக்கட்டுக்குக் கற்சுரங்கமானது. தஞ்சையின் நிறைவும் இக்கோயிலின் வெறுமையும் கட்டியவர்களின் திறத்தால் விளைந்தனவல்ல. ஆயினும் வளாகத்தின் நிறைவு, குறைவு பற்றிய ஒப்பீடுகள் அவற்றை அவ்விருவர் பெயரிலேயே எழுதிவிடுகின்றன. இவ்வொப்பீட்டில் உவமமும் பொருளும் ஒத்தல் என்னும் முதல் விதியே தவறிவிடுகிறது. சோழகங்கத்தை வெட்டியவனின் கோயில் மதில் ஆற்றணைக்குள் போய்ச்சேர்ந்ததில் ஒரு கசப்பான பொருத்தம் உண்டு என்பது வேறு செய்தி.

பட்டியலில் ஊர்

கோயில் அமைந்த நிலப்பகுதியும் பிறரோடு வைத்தே அளக்கப்பட்டுவந்துள்ளது. உடையார்பாளையம் வட்டத்து ஊராகத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த கங்கைகொண்ட சோழபுரம், 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்கும் 2001இல் அரியலூர் மாவட்டத்துக்கும் உரியதாயிற்று. 2002இல் அரியலூர் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் பிரிந்தது. இரு மாவட்டங்களும் நெடுங்காலம் வறண்ட, பின்தங்கிய பகுதிகள் என்ற அடைமொழியோடே பேசப்பட்டவை. பின்தங்கியது என்னும் சொல்லே ஓர் ஒப்பீடு. யாருக்குப் பின் என்பதை அது சொல்வதில்லை.

அண்மை ஆண்டுகளில் இப்பட்டியல் தலைகீழானது. மேல்நிலைப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டில் 2022இல் பெரம்பலூரும் 2025இல் அரியலூரும் மாநிலத்தில் முதலிடம் பெற்றன. பத்தாம் வகுப்பில் 2023இல் பெரம்பலூரும் 2024இல் அரியலூரும் முதலிடம். இச்செய்தி அப்பகுதியினர்க்குப் பெருமிதம் தந்தது இயல்பே. எனினும் மாநில, மாவட்ட அளவில் முதலிடம் பெற்ற மாணவர் பெயர்களை அறிவிக்கும் வழக்கம், மாணவர்தம் மனச்சுமை கருதி 2017இல் கைவிடப்பட்டது. தனிமாணவர்க்குக் கேடெனக் கருதி நீக்கப்பட்ட வரிசை மாவட்டங்களுக்கு மட்டும் தொடர்கிறது. சில ஆயிரம் மாணவர் எழுதும் மாவட்டமும் பல்லாயிரவர் எழுதும் மாவட்டமும் ஒரே ஏணியில் நிறுத்தப்படுகின்றன. ஒரு பள்ளி சென்ற ஆண்டின் தன்னோடு இவ்வாண்டின் தன்னை ஒப்பிடுவது வினையால் அமைந்த ஒப்பீடு. மெய்க்கீர்த்தி செய்தது அதுவே. பக்கத்து மாவட்டம் எத்தனையாம் இடத்துக்கு இறங்கியது என்று தேடுவது பகீரதனை எள்ளிய செப்பேட்டின் வழி.

இணைக்கோயில்களும் மாளிகைமேடும்

அரியலூர் மாவட்டத்தின் பிற கோயில்கள் தஞ்சையோடு ஒப்பிடப்படும் தகுதியைக்கூடப் பெறாமல் கங்கைகொண்ட சோழபுரத்தின் நிழலில் மறைந்துள்ளன. பழுவூரையடுத்த கீழையூரில் பழுவேட்டரையர் எடுப்பித்த அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் அவற்றுள் ஒன்று. ஒரே வளாகத்தில் அகத்தீசுவரம், சோளீசுவரம் என இரு சிறு கற்றளிகள் அருகருகே நிற்கின்றன. சிகர வடிவில் அவை வேறுபட்டவை. கல்கியின் புதினத்தால் பழுவேட்டரையர் பெயர் தமிழுலகெங்கும் பரவிய பின்னும் இங்கு வருவோர் சிலரே. ஒரே மரபினர், ஒரே வளாகம், இரு வேறு சிகரங்கள் என்னும் இவ்வமைப்பு, வேற்றுமையணியின் சமன் என்னும் வகைக்குக் கல்லில் கிடைத்த எடுத்துக்காட்டுப் போன்றது. சோழநாட்டுக் கட்டடக்கலையில் வேறுபாட்டைக் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர் தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 70 கிலோமீட்டரைக் கடக்குமுன் கீழையூரில் மாணவரை நிறுத்துவது நலம்.

கங்கைகொண்ட சோழபுரத்திலேயே ஒப்பீட்டுக்கு இன்னும் வராத பகுதி ஒன்றுண்டு. கோயிலின் தென்மேற்கே மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலும், மீண்டும் 2021 முதலும் நிகழ்த்திய அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பானை ஓடுகளும் வெளிப்பட்டன. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கிய ஊரின் வாழ்விடம் அது. தஞ்சையில் இராசராசனின் அரண்மனை இருந்த இடம் இதுவரை உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. ஆகவே மாளிகைமேட்டுச் சுவர்களைப் பற்றி எழுதுவோர் அவற்றின் நீள அகலத்தையும் செங்கல்லின் அளவையும் சுண்ணச் சாந்தையும் அவற்றின்படியே விவரிக்க வேண்டியவராகின்றனர். அங்கு அருகே நிறுத்துவதற்குத் தந்தையின் சுவர் இல்லை.